கையில் எழுதிய பெயர்

"புருசன் பேரு என்னம்மா?" என்று வாக்காளர் பட்டியல் எடுக்க வந்த குமாஸ்தா கேட்டான்.

புருசன் பெயரை எந்தப் பெண்டாட்டி சொல்வாள்? முத்துப்பேச்சி, அய்யலூர்ச் சந்தையில் அந்தப் பெயரைப் பச்சை குத்திக்கொண்ட கையை நீட்டினாள்.

"லெஜிபிளா இல்லையே."

"அப்படீன்னா?"

"வாசிக்க முடியலைன்னு அர்த்தம். வாயால சொல்லு, இல்லாட்டி ஓட்டு கிடையாது."

முதல் ஓட்டு, விட மனசில்லை. உள்ளுக்குள் எத்தனையோ தடவை ஆசையாகச் சொல்லிப் பார்த்த பெயர்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "உடையப்பன்" என்றாள்.

குமாஸ்தா வேலையாக வந்திருந்த அவள் புருசனின் பேனா நின்றது. கல்யாணமான நாளிலிருந்து தன் பெயரை அவள் வாயால் இன்றுதான் கேட்கிறான்.

"இதுவும் லெஜிபிளா இல்லை பேச்சி, இன்னொரு தடவை சொல்லு" என்றான் உடையப்பன்.