நெற்றி விடுப்பு

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் முகச் சுருக்கத்தைப் போக்கும் ஊசி கட்டாயம்; போட்டால் நெற்றியும் புருவமும் அசையாது. கைக்குழந்தை உள்ளவர்கள் மட்டும் ஓராண்டு ‘நெற்றி விடுப்பு’ கேட்கலாம். குழந்தை அசைகிற முகத்தைப் பார்த்துத்தானே பழக வேண்டும். ஆதினி கேட்டு வாங்கினாள். அங்கேயே வேலை பார்த்த அவள் கணவன் தணிகை கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வயதிலும் கல்யாணப் போட்டோவில் இருந்தபடியே இருந்தான்.

ஒரு மாலை மகளைத் தூக்கி, “அப்பா சிரிக்கிறேன், தெரியுதா?” என்றான். இஸ்திரி போட்டது போலிருந்த அந்த முகத்தைக் குழந்தை சற்று நேரம் பார்த்தது. பிறகு ஒற்றைப் புருவத்தைத் தூக்கி உதட்டைச் சுழித்தது. அவன் ஈரத் துண்டைக் கட்டிலில் போடும்போதெல்லாம் ஆதினி பார்க்கும் அதே பார்வை.

“நான் சொல்லிக் கொடுக்கலைங்க. உங்களைப் பாத்தா எனக்கு அப்படித்தான் வருது” என்றாள் அவள்.

மறுநாள் தணிகையும் விடுப்புக்கு விண்ணப்பித்தான். காரணம்: ‘என் பக்க நியாயத்தையும் குழந்தை பார்க்க வேண்டும்.’