ஓவியரின் வெள்ளைச் சட்டை

சுவருக்குப் பெயின்ட் அடிப்பவருக்கும் ஓவியருக்கும் உள்ள வித்தியாசம் பிரஷ்ஷின் அளவுதான் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பெரும்பிழை. வித்தியாசம் சட்டையில் இருக்கிறது. ஓவியர் வெள்ளைச் சட்டை போடலாம்.

நம் ஓவியர் அன்று போட்டிருந்தார். புதுசு. இருபத்திரண்டு வருடம் சுவருக்கு அடித்தவர், ஒரு வருடமாகப் படம் வரைகிறார். பத்தரைக்குத் தேர்வுக்குழு வருகிறது. பன்னிரண்டு படங்களில் ஒன்றுக்குத்தான் கண்காட்சி அரங்கில் நிரந்தர இடம். கிடைக்காவிட்டால் திங்கள்கிழமை முதல் பழையபடி சுவருக்குப் பட்டி பார்க்கப் போவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

பத்து மணிக்கு இருவரும் அரங்கில் நுழைந்தபோது அவர் படம் தரையில் இருந்தது. பக்கத்தில் ஏணி, துணி போட்டு மூடிய வாளி. ஏணியில் மனைவியின் அண்ணன். பழைய கூட்டாளி. இவர் தொழிலை விட்ட நாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

"யாரக் கேட்டு என் படத்த இறக்கின மச்சான்?"

"பதறாத மாப்ள. நேத்து வந்து பார்த்தேன். சுவரு…"

"உன் சுவர்ப் புராணத்த வேற எங்கயாவது வச்சுக்க. ஒரு வருஷ வயித்தெரிச்சல், இன்னிக்குத் தீர்த்துக்க வந்திருக்க."

"என்னங்க, அண்ணன் சொல்றதக் கொஞ்சம்…"

"நீ சும்மா இரு. உங்க வீட்டு ஆளுன்னா வரிஞ்சு கட்டிட்டு வந்துடுவ."

மச்சான் இறங்கினார். ஏணியை மடக்கினார்.

"அரை மணி நேரம் கழிச்சு மாட்டு. அவ்வளவுதான்."

"மாட்டறதுக்கும் நீதான் மேஸ்திரியா? கிளம்பு."

மச்சான் வாளியோடு போய்விட்டார். ஓவியர் உடனே மாட்டினார். கோணலா என்று நாலு தடவை பார்த்தார், படத்தை மட்டும். பிறகு பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து வாசலைப் பார்த்தபடி நின்றார்.

குழு வந்தது. பதினோரு படங்களை நிற்காமல் கடந்தது. பன்னிரண்டாவதில் நின்றது. மனைவி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

"மத்ததெல்லாம் பளீர் வெள்ளைச் சுவத்துல வெளிறிக் கிடக்கு. இங்க மட்டும் சுவர் சாம்பல் நிறம். அதான் அந்த மஞ்சள் இப்படி எரியுது. இதையே எழுதிக்குங்க. ஆமா, சுவருக்கு இந்த நிறம் யாரோட யோசனை?"

ஓவியர் ஓரக்கண்ணால் சுவரைப் பார்த்தார். அன்று முதல் முறையாக.

"என்னோடதுதாங்க. நேத்தே அடிச்சு வச்சுட்டேன்."

"நல்லது. அங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் மேஜைப் பக்கம் திரும்பினார். புதுச் சட்டையின் முதுகில், தோளிலிருந்து இடுப்புவரை, சாம்பல் நிறப் பெயின்ட் ஈரமாக அப்பியிருந்தது.