பிலோமினாவின் பெயரில்

வார்டில் மருத்துவ ஆலோசனைக் கருவியைச் சோதனைக்கு வைத்தபோது, நோயாளியின் பெயரை மட்டும் அதனிடம் சொல்லவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பாழாய்ப்போன கருவியோ பெயர் சொல்லாமல் பதில் தராது. அதனால் நர்ஸ் பிலோமினா, எந்த நோயாளிக்காகக் கேட்டாலும் தன் பெயரையே சொல்லிவைத்தாள். அத்தனையையும் அது அவள் கணக்கிலேயே சேர்த்துவைக்கும் என்று யார் கண்டது?

இன்று காய்ச்சலில் துவண்டு, அதே வார்டில் அவளே படுத்திருந்தாள். தலைமாட்டில் கணவன் சகாயம். கால்மாட்டில் அவன் தங்கை ஜெசிந்தா, இன்னும் கல்யாணமாகாதவள். சோதனைக் காலம் முடிந்துவிட்டதால், டாக்டர் கருவியிடம் அவள் பெயரைச் சொல்லியே என்ன மருந்து கொடுக்கலாம் என்று கேட்டார்.

“பிலோமினா. சர்க்கரை, காசநோய், வலிப்பு உண்டு,” என்றது அது, வார்டே கேட்கும்படி. சகாயம் சிரித்துவிட்டான். “மார்ச் மாதம் கருக்கலைப்பு. அதன்பின் ரத்தப்போக்கு.”

சிரிப்பு அப்படியே நின்றது. “மார்ச்சுல நான் மஸ்கட்லல்லா இருந்தேன்?”

பிலோமினா தலையைத் தூக்கினாள். “அது நானில்லங்க. வேற ஒருத்திக்காகக் கேட்டேன்.”

“யாருடி அவ? பேரச் சொல்லு.”

பிலோமினா வாயைத் திறந்தாள். போர்வைக்கடியில் ஜெசிந்தாவின் கை அவள் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.