நானே கேட்டாலும்

“நானே கேட்டாலும் சொல்லாதன்னு சொன்னது நாந்தாம்ளா. இப்ப நானேதான் கேக்கேன், சொல்லித் தொலை!”

கோமதிநாயகம் அண்ணாச்சி போனில் கத்தியது தாராவி மெயின் ரோடு வரை கேட்டிருக்கும்.

மறுமுனையில் அவர் மனைவி முருகம்மாள். தன் தங்கையின் வளைகாப்புக்காக ரயிலேறிப் பாண்டுப் பக்கம் போயிருந்தாள்.

தீபாவளிக்கு இன்னும் இரண்டே நாள். வாசலில் முறுக்கு டின்களை ஏற்றிக்கொண்டு டெம்போக்கள் நின்றன. வாஷி மார்க்கெட்டில் எந்தக் கடைக்கு எத்தனை டின் என்பது கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கம்ப்யூட்டரோ பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதைத் திறந்து மூடுவது முருகம்மாள் மட்டும்தான். கிங்ஸ் சர்க்கிளில் வகுப்புக்குப் போய்ப் படித்தவள்.

புரோகிராம் எழுதிக் கொடுத்த மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன் அன்றே சொல்லியிருந்தார். எட்டு எழுத்துக்குக் குறைந்த பாஸ்வேர்டை மெஷினே ஏற்காது, மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். காவலை மெஷினிடம்தான் விட வேண்டும், மனிதர்களை நம்பவே கூடாது என்பது அவர் கட்சி.

அண்ணாச்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் முதலாளி எதற்கு? தன் பேரைச் சொன்னால் தாராவியில் எந்தக் கதவும் திறக்கும், தனக்கு ஒரு மெஷின் சட்டம் போடுவதா? மெஷினைவிடத் தன் வாய்ச்சொல்லே பெரிய காவல் என்று காட்டத்தான் மனைவிக்குக் கட்டளை போட்டார், நானே கேட்டாலும் சொல்லாதே என்று.

இப்போது குலசாமி பெயரை அடித்தாயிற்று. மகள் பெயரையும் அடித்தாயிற்று. இன்னொரு தப்பு செய்தால் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கத் தெரிந்த வேங்கடசுப்ரமணியன் திருப்பதியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

வெளியே டெம்போக்காரர்கள் விடாமல் ஹாரன் அடித்தார்கள். வருஷத்து வியாபாரமே போய்விடும் என்று அண்ணாச்சி பயந்துபோனார்.

முருகம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நீங்க சொன்னதுக்காவ இல்லங்க. அத என் வாயால எப்படிச் சொல்லுவேன்? வாசல்ல போயி போர்டப் பாருங்க.”

அண்ணாச்சி ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தார். ‘கோமதிநாயகம் முறுக்கு கம்பெனி.’ தமிழில், இந்தியில், இங்கிலீஷில்.

அத்தனை டெம்போக்காரர்கள் முன்னால் அவருக்கு வெட்கமாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததே இல்லை.

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தன் பெயரை அடித்தார். மெஷின் திறந்துகொண்டது.

தீபாவளி நன்றாகவே கழிந்தது. லட்டோடு திரும்பி வந்த வேங்கடசுப்ரமணியன் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பாஸ்வேர்டை யாராவது வாசலில் எழுதி மாட்டுவார்களா? இன்றைக்கே மாற்றியாக வேண்டும் என்றார்.

முருகம்மாள் எழுந்தாள். அண்ணாச்சி கையமர்த்தினார். இது முதலாளி வேலை, நானே மாற்றிவிடுகிறேன் என்றார்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்த முருகம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். போர்டில் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

‘முருகம்மாள் முறுக்கு கம்பெனி.’

உள்ளே போய்ப் பழைய பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தாள். திறந்தது.