தினம் ஒரு வலி

"டாக்டரம்மா, இந்தத் தோளைக் கொஞ்சம் பாரேன். தூக்கவே வரல."

வண்டிப் பட்டறையிலிருந்து வந்த பெரியவன், முகம்கூடக் கழுவாமல் தங்கையின் புத்தகத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அடுப்படியிலிருந்த அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுக் கழுத்து. இன்றைக்குத் தோளா?

சின்னவள் மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் முடித்து, கோடை விடுமுறைக்கு வந்திருந்தாள். பிள்ளை பாதியாகிப் போயிருக்கிறாளே என்று அம்மாதான் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டாள். தூங்கு, நன்றாகச் சாப்பிடு, அத்தை வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வா என்றாள். சின்னவளும் அப்படியே செய்தாள். லீவு முடிகிற நேரத்தில் கட்டைப் பிரித்தால், படித்தது ஒன்றும் தலையில் இல்லை. எலும்பு எது, நரம்பு எது என்று எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தது.

கல்லூரி திறந்ததுமே வாய்மொழித் தேர்வு. தேறாவிட்டால் பழைய வகுப்பிலேயே இன்னொரு வருடம் உட்கார வேண்டும்.

அவள் அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். மறந்தது நான், திரும்பப் பிடிக்க வேண்டியதும் நான், யாரும் எனக்கு ஒத்தாசை செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒப்பிக்கிறதையாவது கேட்கிறேன் என்று போன அம்மாவையும் திருப்பி அனுப்பினாள். அந்தப் பெயர்கள் அம்மாவின் வாயில் நுழையவும் இல்லை.

'கடவுளே, பரண்மேல் போட்டது நான். அவளைக் கைவிட்டுடாதே' என்பதுதான் அம்மாவுக்கு அன்றிலிருந்து காலைப் பிரார்த்தனை.

பெரியவனோ, "ஒரு வருஷப் படிப்பை ஒரே தூக்கத்துல தொலைச்ச முதல் டாக்டர் நீதான்" என்றான். அவள் துண்டைச் சுருட்டி அவன்மேல் வீசினாள். மறுநாளிலிருந்துதான் அவனுக்குத் தினம் ஒரு வலி வந்தது.

முடியாது போ என்பாள். அவன் முகத்தைச் சுளித்து முனகியதும், எங்கே காட்டு என்று பிடித்துப் பார்ப்பாள். கையை இப்படித் தூக்கு, அப்படித் தள்ளு என்பாள். பாதியில் மறந்துபோய் நிற்பாள். அவன் நகரமாட்டான்.

"எந்த நரம்புன்னு சொல்லு, எந்திரிக்கிறேன். நாளைக்கு நோயாளி முன்னாடியும் இப்படித்தான் பேந்தப் பேந்த முழிப்பியா?"

வீம்புக்காகவே புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடித்துச் சொல்வாள். அதற்குப் பிறகுதான் அவன் சாப்பிடவே எழுந்திருப்பான்.

படிக்கிற பிள்ளையின் நேரத்தைத் தின்னாதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்று அம்மா சத்தம் போட்டுப் பார்த்தாள். வீட்டிலேயே டாக்டரை வைத்துக்கொண்டு வெளியே எதற்குப் போக வேண்டும் என்று சிரித்தான்.

அதற்கப்புறம் முழங்கை வலி. அடுத்த நாள் இடது மணிக்கட்டு துவண்டு தொங்கியது, நிமிர்த்தவே முடியவில்லை.

அம்மாவுக்கு இப்போது கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. உள்ளுக்குள் ஏதாவது பெரிய வியாதியாக இருந்தால்? கையோடு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடுவது என்று மறுநாள் பட்டறைக்கே போனாள்.

அங்கே பெரியவன், தொங்கிய அதே இடது கையால் பழைய பைக் ஒன்றைப் பின்சக்கரத்தோடு தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திக்கொண்டிருந்தான்.

அடப்பாவி, இத்தனை நாளும் நடிப்பா? பெற்ற பிள்ளை இப்படிப் புளுகுகிறானே. நாலு வார்த்தை கேட்டே ஆக வேண்டும் என்று வாசலில் நின்ற வண்டிகளைச் சுற்றிக்கொண்டு போனவள், உள்ளே பேச்சுக் குரல் கேட்டு நின்றாள்.

ஸ்கூட்டரைப் பழுது பார்க்கக் கொண்டுவந்த ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குத் தெரிந்தவர்தான். பக்கவாதம் வந்த பக்கத்து வீட்டுக்காரருக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வந்துபோகிற பிசியோதெரபிஸ்ட்.

"மணிக்கட்டு முடிஞ்சுது சார். அடுத்தது என்ன?" என்றான் பெரியவன்.

அவர் சுண்டு விரலையும் அதற்கு அடுத்த விரலையும் கொக்கி மாதிரி மடக்கிக் காட்டினார். பெரியவன் கையைத் துடைத்துக்கொண்டு, புதிதாக எழுத்துப் பழகுகிற பிள்ளை மாதிரி அதைப் பார்த்துப் பார்த்து மடக்கினான்.

"சரியா இருக்கா சார்? கொஞ்சம் பிசகினாலும் கண்டுபிடிச்சிடுவா."

"ஏன்ப்பா இந்தப் பாடு? என்னை வச்சுப் படின்னு நேரா சொல்லிட்டுப் போயேன்."

"ஒத்தாசைன்னு போனா அவ கிட்டயே விடமாட்டா சார். வலிக்குதுன்னு போனாத்தான் விடவே மாட்டா."

அம்மா வந்த சுவடு தெரியாமல் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபோது அவளால் அதை மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை. சின்னவள் தன் முழங்கையைத் தானே தடவிப் பார்த்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அண்ணன் இருக்கானே..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

சின்னவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மணிக்கட்டு தொங்குதுன்னு சொல்லிட்டு, அந்தக் கையாலயே டீ டம்ளரைத் தூக்கிக் குடிச்சவன்தானே?"

"உனக்குத் தெரியுமா?"

"கழுத்து வலி வந்த அன்னைக்கே தெரியும். அவன்கிட்ட சொல்லிடாதேம்மா" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "இன்னும் கால் முழுசும் பாக்கி இருக்கு."