இரண்டு பேர் வேண்டும்

"மூணாவது கோர்ட்டு, அஞ்சு மணிக்கு வேணும்," என்றாள் அவள்.

"கூட ஆடறது யாரு, மேடம்? ரெண்டு பேர் வந்தாத்தான் தருவோம்," என்றார் டென்னிஸ் கிளப் செயலாளர் எஜிதியோ.

காலையிலிருந்து அவள் பதினோரு பேருக்குப் போன் செய்தும் ஒருவரும் வரச் சம்மதிக்கவில்லை.

"தனியாத்தான் வந்தேன். சர்வீஸ் மட்டும் போட்டுக்கறேன்."

"அது என்ன சாதாரண கோர்ட்டா? இத்தாலிக்கே ஆடின ஒர்னெல்லா மோர்லாக்கி பேரை வெச்சிருக்கோம். எனக்குக் கூடப் பொறக்காத தங்கச்சி. திறப்பு விழாவுல மேயர் முன்னாடியே தேம்பித் தேம்பி அழுதேன்."

"எதுக்கு அழுதீங்க?"

"செத்தவளுக்கு அழ வேண்டாமா? சரி, உங்க பேர் சொல்லுங்க."

சொன்னாள்.

"கோர்ட்டோட பேர் தெரியும்மா. உங்க பேரைக் கேட்டேன்."

அடையாள அட்டையை நீட்டினாள். படித்த எஜிதியோ அஞ்சலிக் கூட்டத்தில் நிற்பதுபோல் எழுந்து நின்றார்.

"உக்காருங்க, பரவாயில்ல," என்றாள் ஒர்னெல்லா. "கூட ஆட யாராவது கிடைப்பாங்களா, அதைச் சொல்லுங்க."