அஞ்சு வார்த்தை ஸ்பானிஷ்

அந்தக் கதை முழுக்க உண்மைதானா என்று அக்கவுண்டன்டுக்குப் பல வருஷமாகச் சந்தேகம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சிரித்துவைப்பார். சொல்பவர் மேனேஜர் ஆயிற்றே!

இன்று அதே மேனேஜருக்குப் பிரிவுபசார விழா. கேக் வெட்டியாகிவிட்டது. முதலாளி பக்கத்து நாற்காலியில்.

"சார், அந்த ஸ்பானிஷ் இன்டர்வியூ கதை!" என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள்.

மேனேஜருக்கு ஆபீஸில் பட்டப்பெயர் 'சென்யோர்'. ஐயா என்று அர்த்தமாம். அதையும் அவர் சொல்லித்தான் எல்லோருக்கும் தெரியும். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள என்று விமான நிலையத்தில் விற்ற ஒரு கையடக்கப் புத்தகம்தான் அவருடைய பல்கலைக்கழகம்.

"மன்யானான்னா நாளைக்குன்னு அர்த்தம்" என்பார். "ஆனா பழக்கத்துல, இப்போதைக்கு இல்லேன்னு எடுத்துக்கணும்."

சம்பள உயர்வு கேட்டுப் போனவர்களுக்கெல்லாம் அந்த வார்த்தை நன்றாகவே மனப்பாடம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"வர்ற போனுக்கெல்லாம் நாம இங்கிலீஷ்லயே பதில் சொல்லிட்டிருந்த காலம். திடீர்னு ஸ்பானிஷ் பேசுற கஸ்டமருங்க வந்துட்டாங்க. ஆள் எடுக்கணும். 'அந்த பாஷை உங்களுக்குத் தண்ணி பட்ட பாடாச்சே, நீங்களே டெஸ்ட் பண்ணிடுங்க'ன்னுட்டார் முதலாளி."

"ஆமா, நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன்" என்றார் முதலாளி பெருமையாக.

"ஒரு அம்மா வந்தா. ஸ்பானிஷ் பேசுற ஊர்லயே பல வருஷம் குடும்பம் நடத்தினாளாம். சரி, பார்ப்போம்னு 'ஹோலா'ன்னேன். ஹோலான்னா?"

"வணக்கம்!" கூட்டம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒப்பித்தது.

"உடனே மடமடன்னு ஒரு வாக்கியம் விட்டா பாருங்க! ரயில் மாதிரி நீளம். கடைசியில ஏதோ கேள்வி கேட்ட மாதிரி நிறுத்தி என் முகத்தையே பார்த்தா. நான் அசருவேனா? ஒரு வார்த்தை பேசல. அப்படியே உத்துப் பார்த்தேன்."

"அப்புறம் சார்?"

"அப்புறம் என்ன? என் பார்வையிலேயே அடங்கிட்டா! நெட்டுருப் போட்டது அவ்வளவுதான், சரக்கு தீர்ந்துபோச்சு. நான் நன்றி சொல்ற மாதிரி 'கிராசியாஸ்'ன்னா அவளும் 'கிராசியாஸ்'. நான் 'மன்யானா'ன்னா அவளும் ஆமான்னு தலையாட்டி 'சி, மன்யானா'. என் வாயிலிருந்து என்ன வருதோ அதே, கிளிப்பிள்ளை மாதிரி! அவ அந்தப் பக்கம் போனதும் முதலாளிகிட்டச் சொன்னேன்: 'சார், இந்தம்மாவுக்கு அஞ்சு வார்த்தைக்கு மேல தெரியாது.'"

"நல்லவேளை நீங்க இருந்தீங்க. இல்லேன்னா நான் ஏமாந்திருப்பேன்" என்றார் முதலாளி.

கூடமே சிரித்தது. அக்கவுண்டன்டுக்கு மட்டும் இன்று ஏனோ சிரிப்பு வரவில்லை.

அன்று அந்த அறையிலிருந்து வெளியே வந்த அம்மா, நேராக அவர் மேஜை அருகில்தான் நின்றாள்.

"சார், உள்ளே மேனேஜருக்கு ரொம்ப வேர்க்குது. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுத்தனுப்புங்களேன்."

"ஏ.சி. ரூம்லயா வேர்க்குது?"

"பாவம், பக்கத்துலயே முதலாளி உட்கார்ந்திருக்கார் இல்ல..." என்று சொல்லிச் சிரித்தாள். தோற்றுவிட்டு வருகிறவளுடைய சிரிப்பு இல்லை அது. "வேலை கிடைச்சிடும்னு நினைக்கிறேன். இந்தப் பக்கம் சின்னதா ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்குமா சார்? நானும் என் பொண்ணும் மட்டும்தான். இப்ப அண்ணன் வீட்டுல ஒண்டிக்கிட்டிருக்கோம்."

அவர் தன் தெருவிலேயே ஒரு மாடிவீடு பேசிவைத்தார். அந்த அம்மா வரவேயில்லை.

ஸ்பானிஷ் போன்களை மேனேஜரே எடுத்தார். எல்லோருக்கும் ஹோலா, எல்லாவற்றுக்கும் மன்யானா. அந்தக் கஸ்டமர்கள் போன சுவடு தெரியாமல் போனார்கள். "அவங்களுக்குப் பொறுமையே கிடையாது" என்று முதலாளியிடம் விளக்கமும் சொன்னார்.

இந்தக் கதைக்குச் சிரித்த நாளெல்லாம், எதற்குச் சிரித்தோம் என்று யோசித்துக்கொண்டேதான் அக்கவுண்டன்ட் வீட்டுக்கு நடப்பார். அடுத்த தடவையும் சிரிப்பார். சம்பளம் வாங்குகிற வாய் வேறென்ன செய்யும்?

"என்னய்யா, உம்முனு இருக்கே? நான் போறேன்னு அவ்வளவு வருத்தமா?" மேனேஜர் அவர் முதுகில் தட்டினார்.

"அதில்ல சார். ஒரு சின்ன சந்தேகம்."

"ஸ்பானிஷ்லயா? கேளுய்யா! எந்த வார்த்தைக்கு வேணும்னாலும் அர்த்தம் கேளு. இன்னிக்கு விட்டா என்னை எங்கே பிடிப்பே?"

முதலாளியும் கேக்கைக் கீழே வைத்துவிட்டு ஆவலாக நிமிர்ந்தார்.

"அந்தம்மா முதல்ல மடமடன்னு ஒரு வாக்கியம் சொன்னாங்களே... அதுக்கு என்ன சார் அர்த்தம்?"